வசந்த கால வெளிப்புறச் சந்திப்பு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் வசந்த காலத்தில் உறவினர்களும் நண்பர்களுமாக ஏறத்தாழ 30 பேரை அழைத்து, திறந்தவெளியில் ஒரு பகல் பொழுதை ஒன்றாகக் கழிக்க ஏற்பாடு செய்து வருகிறேன். நெடுநாள் பிரிந்திருந்தவர்கள் பலர் கூடுவதால், இதைக் குறையின்றி நடத்த விரும்புகிறேன்.

என் முதல் கவலை முதியவர்களைப் பற்றியது. இடத்தைப் பார்வையிடச் சென்றபோது, முந்தைய நாள் மழையில் ஊறியிருந்த புல்தரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பின்னங்கால்கள் இரண்டும் மெல்ல மண்ணில் இறங்கி, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கால்களுக்கு அடியில் பலகை வைத்தால் போதுமா, அல்லது இதைவிட உறுதியான வழி உண்டா? காலையில் விழும் நிழல் நண்பகலில் நகர்ந்துவிடும் என்பதால், கூடாரத்தை எங்கே அமைத்தால் அவர்கள் அடிக்கடி எழுந்து இடம் மாற வேண்டியிராது என்பதையும் தெரிவியுங்கள்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்கு மேலும் வெளியே வைக்கக் கூடாது என்பதால், அதைச் சிறு பாத்திரங்களில் பிரித்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்து வைக்க எண்ணியுள்ளேன்.

மகரந்த ஒவ்வாமை உள்ள இருவரும் வருகிறார்கள். காற்று வீசும் வறண்ட நாளில் மகரந்தம் மிகுதியாகப் பரவும். அவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. இத்தகைய விருந்தினர்களை வைத்து நடத்தியவர்கள், நீங்கள் செய்த ஏற்பாடுகளைப் பகிர்ந்துகொண்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.