14 அடி படகுக்கு ஃபாயில் சுக்கான்: தட்டைப் பலகையை மாற்றுவது எப்படி?

கழிமுகம்:

வணக்கம். 14 அடி ப்ளைவுட் பாய்மரப் படகு, ட்ரான்சத்தில் (படகின் பின்சுவர்) தொங்கும் சுக்கான். இப்போது இருப்பது 18 மி.மீ. மரைன் ப்ளையில் அறுத்த வெறும் பலகை. அகலம் 250 மி.மீ., தண்ணீருக்குள் 700 மி.மீ. ஓரங்களை மட்டும் உப்புத்தாள் போட்டு உருட்டியிருக்கிறது.

தொல்லை மூன்று. காற்று 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தைத் தாண்டினால் டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) கை வலிக்கிற அளவுக்கு இழுக்கிறது. வீச்சுக்காற்றில் படகு சாயும்போது சுக்கானை இன்னும் கொஞ்சம் திருப்பினால் பிடிப்பு மொத்தமாக விட்டுப்போய், படகு காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது. 5 நாட் வேகத்தில் டில்லர் வழியாக ஓர் அதிர்வும் ரீங்காரமும் வருகிறது.

ஃபாயில் வடிவத்தில் (விமான இறக்கைபோல முன்னே உருண்டு, பின்னே மெலிவது) புதிதாகச் செய்யலாம் என்று முடிவு. எந்த வெட்டுமுகம், எவ்வளவு தடிமன், ப்ளையா மரச்சட்டமா? ஜிக்சா, கை ரூட்டர், இழைப்புளி இருக்கின்றன. ஆழம் குறைந்த உப்பங்கழி என்பதால் தரை தட்டினால் சுக்கான் தூக்கிக்கொள்ள வேண்டும். பந்தய வகுப்புப் படகு இல்லை, விதிக்கட்டு எதுவும் கிடையாது.

நீரோட்டம்:

மூன்று தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. எல்லாவற்றையும் ஃபாயில் தீர்த்துவிடும் என்று நினைத்து மரம் வாங்கிவிடாதீர்கள்.

டில்லர் கனம்: இதற்குப் பெரும்பாலும் பலகை நிற்கும் இடம்தான் காரணம், வடிவம் இல்லை. சுக்கானைத் தள்ளும் நீரின் விசை, பலகை அகலத்தின் முன்னோரத்திலிருந்து சுமார் 25% தள்ளி விழுகிறது. 250 மி.மீ. அகலத்துக்கு அது 62 மி.மீ. உங்கள் பலகையின் முன்னோரம் பின்ட்டில் (சுக்கான் திரும்பும் கீல் ஊசி) அச்சுக்கு 30 மி.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விசை அச்சிலிருந்து 92 மி.மீ. தள்ளிச் செயல்படுகிறது. அதே பலகையின் முன்னோரத்தை அச்சுக்கு 30 மி.மீ. முன்னால் கொண்டுவந்தால் அந்தத் தூரம் 32 ஆகிறது. கையில் தெரியும் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். புதுப் பலகை செய்வதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம்: பலகை மேலே மடங்கித் தூக்கும் போல்ட்டிலிருந்து பலகையின் நடுப்பகுதி 550 மி.மீ. கீழே இருந்தால், பலகையை 6 பாகை முன்சாய்த்தால் நடுவில் ஏறத்தாழ 60 மி.மீ. முன்னே வந்துவிடும். பலகை முட்டி நிற்கும் நிறுத்துக்கட்டையைக் கொஞ்சம் செதுக்கினால் போதும். அச்சுக்கு முன்னால் இருப்பது அகலத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கட்டும். 20-ஐத் தொட்டால் டில்லர் கையிலிருந்து தானாகவே பறித்துக்கொண்டு திரும்பும், அது ஆபத்து. அதே நேரம், படகு எப்போதும் 20 பாகைக்கு மேல் சாய்ந்தே ஓடினால் எந்தச் சுக்கானும் கனக்கும். அப்போது பாயைத் தளர்த்துவதுதான் வழி.

பிடிப்பு விடுவது: இங்கேதான் ஃபாயில் வேலை செய்கிறது. தட்டைப் பலகையில் 8–10 பாகையிலேயே நீரின் ஓட்டம் முன்னோரத்தில் பலகையை விட்டுப் பிய்ந்துவிடும். சரியாக இழைத்த, அகலத்தில் 12 சதவீதத் தடிமன் கொண்ட ஃபாயில் ஏறத்தாழ 15 பாகை வரை தாங்கும். பிய்ந்தபின் விசையின் இடம் 25 சதவீதத்திலிருந்து பலகையின் நடுவை நோக்கிப் பின்னால் நகர்வதால், பிடிப்பு போகும் அதே நொடியில் டில்லரும் கனக்கிறது. நீங்கள் சொல்வது அதுதான்.

ரீங்காரம்: பின்னோரத்தை உருட்டிவிட்டதுதான் காரணம். உருண்ட பின்னோரத்தில் சுழல்கள் இடமும் வலமுமாக மாறி மாறிக் கழன்று பலகையை உலுக்கும். பின்னோரத்தை 2 மி.மீ. தடிமனில் கூர்முனையோடு சதுரமாக வெட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு பக்கம் மட்டும் 30 பாகைச் சரிவு கொடுங்கள்.

வெட்டுமுகம் நாக்கா 0012 (இரு பக்கமும் ஒத்த இறக்கை வடிவம்; கடைசி 12 என்பது தடிமன் சதவீதம்). சுக்கான் பெரிய கோணங்களில் வேலை செய்ய வேண்டியது, அதனால் 12%. 8–9 சதவீதத்துக்கு இறங்குவதெல்லாம் நடுப்பலகைக்கு (படகின் நடுவே அடியில் இறங்கும் பலகை) சரி. அது சிறு கோணத்திலேயே இருக்கும். 250 மி.மீ. அகலத்துக்கு மொத்தத் தடிமன் 30 மி.மீ. நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கான அளவுகள் (முதல் எண் முன்னோரத்திலிருந்து தூரம், அடுத்தது அரைத் தடிமன், எல்லாம் மி.மீ.):

3 – 4.7
6 – 6.5
12.5 – 8.9
25 – 11.7
50 – 14.3
75 – 15.0
100 – 14.5
125 – 13.2
150 – 11.4
175 – 9.2
200 – 6.6
225 – 3.6
237 – 2.0

முன்முனையின் வளைவு ஆரம் 4 மி.மீ. அரைவட்டமாக மழுங்கியும் இருக்கக் கூடாது, கத்திபோலக் கூர்மையாகவும் இருக்கக் கூடாது. வேகம் வரும் என்று முன்னோரத்தைக் கூர்மையாக்குகிறார்கள். நடப்பது நேர்மாறு, பிடிப்பு இன்னும் சீக்கிரமே விடும். முதல் 50 மி.மீ.யில் அரை மி.மீ. பிழைகூடத் தெரியும். 100-க்குப் பின்னால் 1 மி.மீ. பிழை பெரிதாக எதுவும் செய்யாது. உழைப்பை முன்பக்கம் வையுங்கள்.

கழிமுகம்:

மிக்க நன்றி. 15 மி.மீ. மரைன் ப்ளை இரண்டு ஒட்டி 30 ஆக்கினால்? இழைக்கும்போது ப்ளையின் அடுக்குக் கோடுகள் சமவுயரக் கோடுகளாகத் தெரியும், இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது என்கிறார்கள்.

நீரோட்டம்:

கோடுகள் உதவும் என்பது உண்மை. வலிமைக் கணக்கையும் பாருங்கள். 6 நாட் என்பது விநாடிக்கு 3.1 மீட்டர். பரப்பு 0.25 × 0.7 = 0.175 சதுர மீட்டர். முழுப் பிடிப்பில் பக்கவாட்டு விசை சுமார் 850 நியூட்டன், அதாவது 85 கிலோவுக்கு மேல். அது பலகையின் நடுவில் விழுந்தால் நீர்மட்டத்தில் வளைவுச்சுமை 300 நியூட்டன் மீட்டர். 30 மி.மீ. தடிமன் ஃபாயிலில் இது சுமார் 17 மெகாபாஸ்கல். இழை முழுவதும் நெடுக ஓடும் நல்ல மரத்துக்கு இது ஒன்றும் இல்லை. ப்ளையில் பாதி அடுக்குகள் குறுக்கே ஓடுகின்றன. அவை வளைவுக்கு உதவாது. ஆக உண்மையில் தாங்கும் அடுக்குகளில் இரு மடங்கு. 10 நாட்டில் சறுக்கி ஓடினால் விசை இன்னும் 2.8 மடங்கு. ப்ளை செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. செய்தால் மேலே ஒட்டும் ஃபைபர் (கண்ணாடி இழை) உறையைத்தான் முழுக்க நம்ப வேண்டியிருக்கும். என் பரிந்துரை மரச்சட்டம்.

தச்சுக்கூடம்:

மரச்சட்டம்தான் சரி. முடிச்சில்லாத, நேர் இழை மரம்: டக்ளஸ் ஃபர், நல்ல பைன், தேக்கு. தேக்கு கனம், எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் ஒட்டுமுகங்களை அசிட்டோனால் துடைக்காவிட்டால் எப்பாக்ஸிப் பசை பிடிக்காது.

34 மி.மீ. அகலம், 33 மி.மீ. தடிமன், 1 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் 8 சட்டங்கள். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி வையுங்கள்; ஆண்டு வளையங்கள் எதிரெதிராக இருந்தால் பலகை கோணாது. ஒட்டும்போது கிளாம்ப்பை முறுக்கித் தள்ளாதீர்கள். எப்பாக்ஸிக்கு அழுத்தம் தேவையில்லை. பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறினால் இணைப்பு வறண்டுவிடும். காய்ந்ததும் இரு முகத்தையும் இழைத்து 30-க்குக் கொண்டுவாருங்கள். தலைப்பகுதி, அதாவது இருபுறமும் பிடிக்கும் கன்னப்பலகைகளுக்கு நடுவே இருக்கும் பாகம், தட்டையாகவே 30 மி.மீ. இருக்கட்டும். பலகையைப் பிடிக்கும் உங்கள் பழைய கூடு 18-க்குச் செய்தது. கன்னப்பலகைகளுக்கு இடையே உள்ள நடுக்கட்டையை 31-க்கு மாற்ற வேண்டும். கன்னப்பலகைக்கு 12 மி.மீ. மரைன் ப்ளை போதும்.

வடிவத்தைக் கண்ணால் பார்த்து இழைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது. ரூட்டர் இருக்கிறதே, அதை வைத்து ஆழக்கோடு போடுங்கள். பலகையின் நான்கு ஓரத்திலும் நடுக்கோடு வரைந்துவிட்டு, நேர்ச்சட்டம் பிடித்து நெடுக வாய்க்கால் வெட்டுங்கள். முன்னோரத்திலிருந்து 25 மி.மீ.யில் ஆழம் 3.3, 50-இல் 0.7, 125-இல் 1.8, 150-இல் 3.6, 175-இல் 5.8, 200-இல் 8.4, 225-இல் 11.4. 75-இல் வெட்டவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் 0.5 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், அது ஃபைபர் உறைக்கான இடம். அந்த 75 கோட்டையும் கடைசியில் உப்புத்தாளால் அதே அளவு இறக்குங்கள். பிறகு வாய்க்காலின் அடித்தளம் மறையும்வரை இழைப்புளி ஓட்டினால் போதும். வாய்க்காலுக்குள் பென்சிலால் கிறுக்கி வைத்தால், பென்சில் அழியும் இடத்தில் நிறுத்தத் தெரியும்.

ஒரு பக்கம் முடித்துப் புரட்டினால் பலகை மேசையில் ஆடும். அதனால் இரு பக்கத்து வாய்க்கால்களையும் பலகை தட்டையாக இருக்கும்போதே வெட்டி முடித்துவிடுங்கள். முதல் 25 மி.மீ.க்கு ரூட்டர் வேண்டாம். 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் அரை வடிவத்தை அறுத்து அச்சு செய்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து அரத்தால் இறக்குங்கள். இழை ஓட்டத்துக்கு எதிராக ஓட்டினால் சிராய் பிய்ந்து குழி விழும். பக்கத்துச் சட்டங்களின் இழை எதிரெதிராக ஓடுவதால் இழைப்புளிக்கத்தியை நன்றாகத் தீட்டி, மெல்லிசாக எடுங்கள்.

வெள்ளோட்டம்:

உறை பற்றி நான் சேர்க்கிறேன். பாலியெஸ்டர் ரெசின் வேண்டவே வேண்டாம், மரத்திலிருந்து தோல்போல உரிந்துவிடும். எப்பாக்ஸி மட்டுமே. சதுர மீட்டருக்கு 200 கிராம் கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு. தலையிலிருந்து நீர்மட்டத்துக்குக் கீழே 200 மி.மீ. வரை, இழை நெடுக ஓடும்படி 300 கிராம் ஒற்றைத்திசைத் துணி ஓர் அடுக்கு கூடுதலாக. முறியும் இடம் அதுதான், தலை முடிந்து பலகை தொடங்கும் கோடு. துணி ஒன்றேகால் சதுர மீட்டர் வாங்குங்கள். கலந்த எப்பாக்ஸி 1 கிலோ போதும்.

துணி, கூரான பின்னோரத்தைச் சுற்றி வளையாது, எழும்பி நிற்கும். அதனால் ஒவ்வொரு பக்கமாகப் போட்டு, 20 மி.மீ. வெளியே தொங்கவிட்டு, முழுதாக இறுகும் முன் கத்தியால் நறுக்குங்கள். முன்னோரத்தில் மட்டும் இரு பக்கத் துணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். தரை தட்டும் அடிமுனையில் 8 மி.மீ. மரத்தை எடுத்துவிட்டு, நறுக்கிய கண்ணாடி இழை கலந்த எப்பாக்ஸியால் நிரப்புங்கள். மணலில் தேய்ந்து மரம் வெளியே தெரிந்தால் தண்ணீர் நெடுக ஏறும்.

நம் வெயிலில் கவனிக்க வேண்டியது: முதல் பூச்சை மாலையில், வெப்பம் இறங்கும்போது பூசுங்கள். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து, பூச்செங்கும் குமிழி விடும். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், அதையும் அகலத் தட்டில் ஊற்றி வையுங்கள். குவளையிலேயே விட்டால் சூடேறிக் கட்டியாகிவிடும். காய்ந்தபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் நிற்கும். முதலில் தண்ணீரால் கழுவி, அதன்பின் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கு உள்ளே பதிந்து அடுத்த பூச்சு ஒட்டாது.

போல்ட் துளையை நேரடியாக 10 மி.மீ. போடாதீர்கள். 16 மி.மீ. போட்டு, கெட்டி எப்பாக்ஸி நிரப்பி, இறுகியபின் நடுவில் 10 மி.மீ. துளையுங்கள். மரம் அழுகுவது எப்போதும் துளையில்தான் தொடங்கும். பெயின்ட் வெள்ளை. கறுப்பு, கருநீலம் அடித்து வெயிலில் சாய்த்து வைத்தால் எப்பாக்ஸி இளகி பலகை முறுக்கிக்கொள்ளும். கடைசியாக 400 நம்பர் தண்ணீர்த்தாள், மெழுகு தேவையில்லை.

கழிமுகம்:

தெளிவாகிவிட்டது. மரச்சட்டம், 0012, முன்சாய்வு. ஒரே ஒரு கேள்வி: முன்சாய்த்த பலகையைக் கீழே பிடித்து வைக்க ரப்பர் வளையம் போதுமா?

நீரோட்டம்:

போதாது. ரப்பர் இழுபட்டு, வேகத்தில் பலகை பின்னால் மிதந்து ஏறும். 20 பாகை பின்சரிந்தால் பலகையின் நடு சுமார் 190 மி.மீ. பின்னே போகிறது; 32 ஆக்கிய அந்தத் தூரம் 220 ஆகிவிடும், முன்பைவிடக் கனம். நீளாத 5 மி.மீ. கயிற்றைப் பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும்படி போட்டு, பாரம் மீறினால் தானாக விட்டுவிடும் வகைக் கிளீட்டில் (கயிறு பிடிப்பான்) கட்டுங்கள். பலகைக்கும் கன்னப்பலகைக்கும் இடையே ஆட்டம் இரு பக்கமும் சேர்த்து 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். கூடினால் மெல்லிய எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) தகட்டை உள்ளே திருகி அடைத்துவிடுங்கள்.