கணக்கில் மட்டும் 27

குழு: அருப்புக்கோட்டை சொந்தங்கள்

*முருகேசன்* காலை 6:50
கார்த்தி, ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்குப் பாண்டிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். திருப்பூரில் இறங்கியதும் கூட்டிக்கொண்டு போ. உங்கள் பனியன் கம்பெனியில் கைமடி வேலை, அதுதான் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை, இருந்தால் சொல்.

*ராஜாமணி மாமா* 6:52
🌹 இனிய காலை வணக்கம் 🌹

*செல்வி அத்தை* 7:05
முருகேசா, என்ன இது? பத்தாவது ரிசல்ட் வந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை.

*முருகேசன்* 7:09
ஃபெயிலானவனை வைத்துக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறாய் அக்கா. டி.சி.கூட வாங்கிவிட்டேன். அங்கே ஒரு சார் "இவனுக்கு இதெல்லாம் ஏறாது"ன்னு அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

*செல்வி அத்தை* 7:10
எத்தனை பாடம்?

*முருகேசன்* 7:11
கணக்கு மட்டும். 27.

*ராஜாமணி மாமா* 7:15
எல்லாம் எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் போட்டதன் பலன். எங்கள் காலத்தில் ஐந்திலேயே நிறுத்திவைப்பார்கள்.

*செல்வி அத்தை* 7:24
நிறுத்திவைத்தவர்கள் மறுவருஷம் வந்தார்களா மாமா? உங்கள் வகுப்பில் எத்தனை பேர் பத்தைப் பார்த்தார்கள்? 2024 டிசம்பரில் மத்திய அரசு அந்த ஆல் பாஸை எடுத்தபோதுகூட நம் மாநிலம் எடுக்கவில்லை. சரியென்றுதான் நினைக்கிறேன். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். பிள்ளைகள் கழன்று போவது அதற்கப்புறம், ஒன்பது பத்தில். அந்த வயதில் வீட்டில் இருப்பவர்கள்தான் பிடித்து வைக்க வேண்டும்.

*முருகேசன்* 7:26
அப்போ வேலைக்கு அனுப்புவது தப்பில்லைதானே? வயது பதினைந்தரை.

*செல்வி அத்தை* 7:33
14 முதல் 18 வரை ஆபத்தான வேலைக்குக் கூடாது. மற்ற வேலைக்கும் ராத்திரி 7 முதல் காலை 8 வரை வைக்கக் கூடாது, ஓவர்டைம் கூடாது. கார்த்தி, உங்கள் கம்பெனியில் ஷிப்ட் எப்படி?

*கார்த்தி* 7:41
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*செல்வி அத்தை* 7:41
நீக்குவதற்குள் படித்துவிட்டேன் 😄

*கார்த்தி* 7:48
சரி அத்தை, உண்மையைச் சொல்கிறேன். சீசனில் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி பன்னிரண்டு ஆகும். சித்தப்பா, கோபப்படாதீர்கள். நானும் பத்தில் விட்டவன்தான். முதல் வாரச் சம்பளத்தில் செல்போன் வாங்கினேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் எந்தத் திசை என்றே மறந்துவிட்டது. யாரும் திரும்ப வரப் போவதில்லை.

*வள்ளி* 8:02
மாமா, எனக்குப் புதுமைப்பெண் பணம் மாதம் 1000 வருகிறது. ஹாஸ்டல் செலவு போக பஸ்ஸுக்கு, நோட்டுக்கு அதுதான். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் இருக்கிறது. ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போனால் அவனுக்கும் கிடைக்கும்.

*முருகேசன்* 8:05
கல்லூரிக்குப் போனால்தானே அந்த ஆயிரம்? கைமடிக்குப் போனால் வாரா வாரம் காசு. வட்டிக்காரன் அடுத்த வாரம் வருகிறான், வள்ளி.

*செல்வி அத்தை* 8:14
அது நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பதினொன்றில் சைக்கிள் தருவார்கள். இடைநிற்றலைத் தடுக்கவென்றே பத்துக்கும் பதினொன்றுக்கும் 1500, பன்னிரண்டுக்கு 2000 போட்டுவைக்கிறார்கள், ஆனால் அது பன்னிரண்டு முடித்தால்தான் கைக்கு வரும். உன் வட்டிக்காரனுக்கு அதெல்லாம் ஆகாது. வட்டியை நானும் உன் மச்சானும் பார்த்துக்கொள்கிறோம். நீ இந்த இரண்டு மாதம் மட்டும் பொறு. ஜூலையில் துணைத்தேர்வு. எழுதிப் பாஸானால் இந்த வருஷமே பதினொன்று. டி.சி. வாங்கினால் என்ன, வேறு அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். கணக்கு வரவே இல்லையென்றால் எட்டாவது தேர்ச்சிக்கே வயர்மேன், வெல்டர் என்று ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 உதவித்தொகையும் தருகிறார்கள். கைமடியை விட மேல்.

*ராஜாமணி மாமா* 8:20
பையன் என்ன சொல்கிறான்? அவனும் இந்தக் குரூப்பில்தானே இருக்கிறான்?

*பாண்டி* 8:37
அத்தை, கிராஃபும் ஜியாமெட்ரியும் எத்தனை மார்க்?

*செல்வி அத்தை* 8:38
எட்டும் எட்டும், பதினாறு. ஏன்டா?

*பாண்டி* 8:40
ரெண்டையும் தொடவே இல்லை. காம்பஸ் ஸ்க்ரூ லூசு, வட்டம் கோணிப்போச்சு. அழித்து அழித்துப் பேப்பர் கிழிந்ததும் பயத்தில் கிராஃபையும் விட்டுட்டேன்.

*செல்வி அத்தை* 8:41
35க்கு 8தானே குறைகிறது!

*பாண்டி* 8:41
ம்

*வள்ளி* 8:43
என் காம்பஸ் இருக்கு, நல்ல ஸ்டீல். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். கிராஃப் ஷீட்டும்.

*முருகேசன்* 9:10
கார்த்தி, பஸ் டிக்கெட்டை இப்போது கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பான்?