சென்னை பஸ் நம்பரோடு மல்லுக்கட்டிய கதைகள்: கடலூர், புதுச்சேரி ஆட்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வருவதற்கு முந்தைய கதை, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. விடியற்காலையில் கடலூர் வண்டி தாம்பரத்தில் இறக்கிவிட்டது. கூட இறங்கியவர்களில் நெல்லிக்குப்பம் பக்கத்து அம்மா ஒருத்தர், கையில் ஸ்கேன் கவர், காலண்டர் தாளின் பின்பக்கம் 21ஜி என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதிய சீட்டு. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். முதலில் வந்தது 18ஏ. பக்கத்தில் நின்றவர் “இதுவும் பிராட்வேதாம்மா, ஏறு” என்கிறார். பொய் இல்லை, ரெண்டுக்குமே கடைசி ஸ்டாப் பிராட்வேதான். ஆனால் 18ஏ கிண்டி தாண்டி சைதாப்பேட்டை, அண்ணா சாலை என்று நேரே போய்விடும், 21ஜிதான் கிண்டியில் பிரிந்து அடையாறு, மயிலாப்பூர், ராயப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போகும். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, படிக்கவும் தெரியாது. சீட்டைத் தூக்கி பஸ் நெற்றியில் இருந்த போர்டோடு ஒத்துப் பார்த்தார். ஜி எழுத்தின் வளைவை விரலால் தடவி “இந்தக் கொக்கி அதுல இல்லியே தம்பி” என்றார். நாலு பேர் ஏறச் சொல்லியும் ஏறவில்லை.

அரியாங்குப்பம்வாசி:
எழுத்து என்றதும் எனக்கும் ஒன்று. அடையாறில் நிறுத்தத்தில் பார்வை இல்லாத ஒரு பெரியவர், வருகிற பஸ் நம்பரை மட்டும் சொல்லச் சொன்னார். நானும் உற்சாகமாக “29 வருது சார்” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் “எழுத்து?” என்றார். சி என்றேன். “பெரம்பூர், வேண்டாம்.” அடுத்து 5இ. “வடபழனி, வேண்டாம்.” நான் போர்டைப் படித்து முடிப்பதற்குள் அவர் பஸ்ஸைக் கடைசி ஸ்டாப் வரைக்கும் அனுப்பி வைத்துவிடுகிறார். ஒரு தடவை நான் மறுபடியும் எழுத்தை விட்டுவிட, “நம்பரை வெச்சு நான் என்ன பண்றது, எழுத்தைச் சொல்லுங்க” என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். நம்ம ஊரில் பஸ்ஸுக்குப் பேர், அதை விட்டால் ‘ஏழே முக்கால் வண்டி’. இப்படி வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் எங்கே வரும்?

முதுநகர்க்காரன்:
ரெண்டு பேரும் எழுத்து எழுத்து என்று உருகுகிறீர்கள், அதில் ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். பெசன்ட் நகருக்கு வடபழனியிலிருந்து வந்தால் 5இ, அயனாவரத்திலிருந்து 23சி, பெரம்பூரிலிருந்து 29சி. ஓர் இடத்துக்கு மூன்று நம்பர். சரி, சி என்றால் பெசன்ட் நகர் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டால் 5இ வந்து குறுக்கே நிற்கிறது. இதில் நம்பருக்கு முன்னாடி எழுத்து போட்ட வண்டிகள் வேறு. டி70, எம்70, வி51, சின்ன பஸ்ஸுக்கு எஸ். தி.நகர் டைம் கீப்பர் ஒருவரிடம் இதற்கு என்ன கணக்கு சார் என்று கேட்டே விட்டேன். நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் “ஊருக்குப் புதுசா?” என்றார், அவ்வளவுதான் பதில்.

வில்லியனூர் அக்கா:
என் கதை சின்னது. சாயங்காலம், நிறுத்தத்தில் கட்டுக்கடங்காத கூட்டம், என் நம்பர் பஸ் காலியாக வந்து நிற்கிறது, ஒருத்தரும் அசையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். படியில் கால் வைக்கப் போகும்போது ஒரு காலேஜ் பெண் என் பை வாரைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, கட்டு!” நம்பருக்குக் கீழே சுண்டுவிரல் அகலத்தில் ‘கட்’ என்று இருந்தது. பாதி வழியோடு திரும்பிவிடுகிற வண்டியாம். திருக்கனூர் பஸ் எங்கள் வில்லியனூரோடு திரும்பினால் கண்டக்டரைச் சும்மா விடுவோமா நாம்?

பண்ருட்டிப் பலா:
எனக்கும் ஒரு தடவை ஆனது, அது கிடக்கட்டும். இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில், நம்பரை நம்பாதீர்கள், கடைசி ஸ்டாப் பேரைக் கண்டக்டரிடம் சத்தமாகக் கேளுங்கள். இரண்டாவது, 2022லேயே ‘சென்னை பஸ்’ என்று ஆப் வந்துவிட்டது, வண்டி எங்கே வருகிறது என்று மேப்பிலேயே தெரியும். பெண்கள் கவனத்துக்கு, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் உங்களுக்குக் காசு இல்லை, அதனால் நம்பரைப் பார்க்கிற அதே பார்வையில் போர்டின் கலரையும் பாருங்கள், டீலக்ஸில் ஏறிவிட்டு அப்புறம் கண்டக்டரோடு சண்டை போடாதீர்கள். நம்பர் 500ஐத் தொட்டால் அனேகமாகப் புறநகர் வண்டி, தாம்பரம் செங்கல்பட்டு 500 மாதிரி, கொஞ்சம் தூரம் ஓடும், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை கட்டாயம். பின்வாசலில் ஏறினால்...

மஞ்சக்குப்பத்தான்:
அண்ணே, யார் கேட்டது? கடைசி ஸ்டாப் பேரைக் கேட்டிருந்தால் அந்த அம்மா பிராட்வே என்று 18ஏவில்தான் ஏறியிருப்பார். அவர் கையில் இருந்தது பட்டன் போன், அதில் எந்த ஆப்பைப் போடுவது?

பண்ருட்டிப் பலா:
நல்லது சொன்னால் இப்படித்தான்.

அரியாங்குப்பம்வாசி:
முதுநகர்க்காரருக்கு. ஒழுங்கே இல்லை என்று சொல்லாதீர்கள், நீங்கள் அதைத் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள். நம்பர் ஊரைச் சொல்லாது, பெரும்பாலும் பாதையைச் சொல்லும். உங்கள் டி70ஐயே எடுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கிளம்பி வேளச்சேரி போகிறது. 70வி கோயம்பேட்டில் கிளம்பி வண்டலூர் பக்கம் போகிறது. புறப்படும் இடம் வேறு, போய்ச் சேரும் இடம் வேறு. ஆனால் நடுவில் நூறடி ரோட்டில் வடபழனி, அசோக் பில்லர், கிண்டி என்று இரண்டும் ஒரே பாதை. நம்ம ஈசிஆர் வண்டியில் கோயம்பேடு வந்து இறங்குகிறவர்களுக்கு கிண்டி வரை 70 என்று பார்த்தாலே போதும், அதற்கு மேல் போகிறவர்தான் எழுத்தைப் பார்க்க வேண்டும். கோயம்பேட்டில் ஒரு கண்டக்டர் இதைத்தான் “எழுபது கிண்டி, எழுபது கிண்டி” என்று கத்திக்கொண்டிருந்தார், எழுத்தைச் சொல்லவே இல்லை. 5இ, 23சி, 29சி மூன்றும் வேறு வேறு பாதையில் வருகிறவை, அதனால் வேறு வேறு நம்பர், இதில் என்ன குழப்பம்? முன்னாடி போடுகிற எழுத்துக்கு என்ன கணக்கு என்பதில் மட்டும் உங்களோடு சண்டை இல்லை.

முதுநகர்க்காரன்:
‘பெரும்பாலும்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் எதையும் ஒழுங்கு என்று சொல்லிவிடலாம். பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம். எனக்கு சிதம்பரம் வண்டி வந்துவிட்டது, ராத்திரி எழுதுகிறேன்.