கவுண்டரில் சிரிக்க முடிகிறது, வீட்டில் முடியவில்லை. உங்களுக்கும் இப்படியா?

கடலோரம், வெள்ளவத்தை:
காலி வீதியில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் இருக்கிறேன். கதவு திறந்ததிலிருந்து சிரிப்புத்தான். பென்ஷன் எடுக்க வருகிற ஐயாவுக்கும், தாலிக்கொடியை அடகு வைக்கக் கண் கலங்கி நிற்கிற அம்மாவுக்கும் ஒரே சிரிப்பு. வேண்டாம் என்று மனது சொன்னாலும் வாய் தானாக விரிகிறது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால், மகள் கீறிய படத்தைக் கொண்டு வந்து நீட்டுகிறாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனால் முகத்துக்கு வருவதில்லை. "அம்மாக்குப் பிடிக்கேல்லையா?" என்கிறாள். அழுகையும் அப்படித்தான். போன கிழமை அண்ணா கனடாவிலிருந்து எடுத்தபோது தொண்டை வரை வந்தது. "நான் நல்ல சுகம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இது யாருக்காவது மாறியிருக்கிறதா?

பிசியோ, தெஹிவளை:
முகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தங்கச்சி. துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து 1862இல் எழுதினார்: வாயோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ளது மனம் மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்று. கண்ணும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் வேண்டுமென்றே அப்படிச் சிரிக்கவும் பலரால் முடியும் என்று பிந்திய ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே கண்ணாடி முன்னால் நின்று உங்கள் சிரிப்பைச் சோதிக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி அண்ணா:
நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன். அப்பா தவறிய பிறகு அவருடைய கணக்கை மூடப் போனேன். அங்கிருந்த பிள்ளை சிரிக்கவில்லை. மரணச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள் வரேக்க எங்களுக்கு டொபி கொண்டு வருவார்" என்றாள். படிவத்தையும் அவளே நிரப்பித் தந்தாள். அந்த வாரத்தில் கேட்ட ஆறுதல் வார்த்தைகளில் எனக்கு நினைவிருப்பது அதுதான்.

கொட்டாஞ்சேனை அக்கா:
நான் ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவள். மகள் சமூகவியல் படித்தபோது அவளுடைய பாடத்தில் ஆர்லி ஹொக்ஷைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றி வாசித்தேன். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதினவர். முகத்தை மட்டும் மாற்றுவது ஒரு வகை, மனதையும் சேர்த்து வளைப்பது இன்னொரு வகை. சம்பளத்துக்காக இதையே செய்துகொண்டிருந்தால், எது தன் சொந்த உணர்வு என்பதே பிடிபடாமல் போகலாம் என்கிறார். வாசித்தபோது என்னையே பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

ஆனால் தங்கச்சி, அந்த அம்மாவின் விஷயம் உங்களுக்கு உறுத்துகிறதே! உணர்வு எங்கேயும் போய்விடவில்லை. அப்படி ஒருவர் வந்தால் சிரிக்காதீர்கள். "இருங்கோ அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றால் போதும். அண்ணாவுக்கும் திரும்ப எடுத்து உள்ளதைச் சொல்லுங்கள்.

வீட்டில் நான் செய்தது இதுதான். வந்ததும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பின்வாசலில் இருப்பேன். அது முடியும் வரை அம்மாவிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பிறகு எந்த முகம் வருகிறதோ அதோடுதான் உள்ளே போவேன். சில நாள் சிரிப்பு, சில நாள் சிடுசிடுப்பு. "இண்டைக்கு அம்மாக்குக் களைப்பு, உங்களில கோபமில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே விளங்கியது. நீங்களும் கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கோ.