தெருப்பூனைகளுக்கு "நீங்கள்தான் உரிமையாளர்" என்று மாநகராட்சி நோட்டீஸ், எப்படிப் பதில் கொடுப்பது?

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சின்னக் குழு. தெருப்பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிறோம். கண் போனது, கால் உடைந்தது, தாயில்லாத குட்டி என்று வெளியே விட முடியாதவற்றை மட்டும் எங்களில் ஒருவர் வீட்டில் வைத்துத் தேற்றி, தத்து கொடுக்கிறோம். இப்போது மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பொது இடத்தில் சாப்பாடு போட்டு சுகாதாரக் கேடு உண்டாக்குகிறோமாம், வீட்டில் உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்துகிறோமாம். இந்த இரண்டுக்காவது ஏதோ பதில் சொல்லலாம். மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கிறார்கள்: தினமும் சாப்பாடு போடுவதால் தெருவில் இருக்கும் பூனைகளுக்கும் நாங்கள்தான் உரிமையாளராம், கெடுவுக்குள் எல்லாவற்றையும் அங்கிருந்து அகற்ற வேண்டுமாம், இல்லையென்றால் அவர்களே பிடித்துக்கொண்டு போவார்களாம்.

நோட்டீஸோடு ஒரு போட்டோவும் வைத்திருக்கிறார்கள். எறும்பு மொய்த்த ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை. அந்தப் பூனையின் இடது காது நுனி வெட்டியிருப்பது அதே போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது, அதாவது கருத்தடை முடிந்த பூனை! பிடித்துக்கொண்டு போனால் அவை திரும்பி வராது என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் தூக்கமே இல்லை. இது மாதிரி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், உடனே நீதிமன்றம் போக வேண்டுமா, இல்லை பேசிப் பார்க்கலாமா?

கோர்ட்டுப்பறவை:
வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊருக்கு ஊர் சட்டம் மாறும், அதனால் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் நோட்டீஸைக் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள். முதலில் கெடு தேதியைப் பாருங்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் கெடு தாண்டிவிட்டால் அதைக் கேட்க ஆள் இருக்காது. எழுத்தில் பதில் கொடுங்கள், நேரில் விசாரணை வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள், உங்கள் மேல் வந்த புகார்களின் நகலும் கேளுங்கள்.

அப்புறம் இந்த மூன்று குற்றச்சாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பதில் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கும் பூனைகள் விஷயத்தில் உங்கள் நிலை கொஞ்சம் பலவீனம்தான். எண்ணிக்கை வரம்பு இருந்தால் இருக்கிறது, "நாங்கள் சேவை செய்கிறோம்" என்பது அதற்குப் பதில் ஆகாது. உரிமத்துக்கு விண்ணப்பம் போடுங்கள், வெவ்வேறு தன்னார்வலர் வீடுகளுக்குப் பிரித்து வையுங்கள், அதைச் செய்துவிட்டோம் என்று பதிலில் காட்டுங்கள். உங்கள் பலம் மூன்றாவதில்தான். உரிமையாளர் என்பதற்கு அந்த விதியில் என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். சில ஊர்களில் "வைத்திருப்பவர், புகலிடம் கொடுப்பவர், உணவளிப்பவர்" வரை எல்லோரையும் உரிமையாளர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சில ஊர்களில் கருத்தடைத் திட்டத்தில் பராமரிப்பவருக்குத் தனியாக விலக்கு இருக்கும். இது எந்த வகை என்பதில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. அதுவரை "எங்கள் பூனைகள்" என்று எந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள், உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடும் பதிவுகளிலும்தான். "நாங்கள் பராமரிக்கும் தெருப்பூனைகள்" என்றே எழுதுங்கள். அதிகாரி நேரில் வந்து ஏதாவது தாளில் கையெழுத்து கேட்டால், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத் தருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

பிடித்துக்கொண்டு போகும் ஆபத்து உண்மையாகவே நெருக்கத்தில் இருந்தால் மட்டும் இடைக்காலத் தடைக்குப் போகலாம். போன உயிர் திரும்பாது, பின்னால் நஷ்டஈடு கொடுத்து சரிசெய்ய முடியாத இழப்பு என்பதுதான் அங்கே உங்கள் முக்கிய வாதம்.

கூண்டுக்காரி:
தங்கச்சி, முதலில் தைரியமாக இரு. எங்களுக்கும் இது நடந்தது, கடைசியில் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமாக முடிந்தது. எங்களைக் காப்பாற்றியது பேச்சுத்திறமை இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம், பிடித்த இடம், தேதி, நிறம், ஆணா பெண்ணா, கூண்டு எண், கால்நடை மருத்துவரின் ரசீது, தடுப்பூசி விவரம், காது வெட்டிய பிறகு எடுத்த போட்டோ. விசாரணைக்கு வந்த அதிகாரி அதைப் புரட்டிக்கொண்டே போனார், நடுவில் நிறுத்தி "போன வருஷம் இங்கே குட்டிகளே இல்லையா?" என்று கேட்டார். அங்கிருந்துதான் பேச்சே மாறியது. நீங்களும் அப்படிக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். அப்படி இருக்கும்போது ஒரு இடத்தில் புதுக் குட்டிகள் வருவது நின்றிருக்கிறது என்றால், மாநகராட்சி செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்து முடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆனால் அந்த எறும்புத் தட்டை விட்டுவிடக் கூடாது. அக்கம்பக்கத்தார் பலருக்குப் பூனை மேல் கோபம் கிடையாது, தட்டின் மேல்தான் கோபம். குறிப்பிட்ட நேரத்தில் போட்டு, அரைமணி நேரத்தில் தட்டை எடுத்து, தரையைத் துடைத்துவிட்டு வரவேண்டும். இரவு முழுக்க சாப்பாடு கிடந்தால் எலியும் வரும், புகாரும் வரும். வாசல் பக்கம் போடாமல் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக மாற்றினாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இதையெல்லாம் நாங்களே எழுதிக் கொடுத்தோம், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே.

புள்நோக்கி:
இங்கே எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பறவை பார்ப்பவன். 2013-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் மட்டும் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று கணக்கிட்டது, அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடத்தான் செய்யும். லாஸ் ஏஞ்சல்ஸில் நகராட்சியே தெருப்பூனைக் கருத்தடைக்கு ஆதரவாக இருந்தது, பறவை, சுற்றுச்சூழல் அமைப்புகள் 2008-ல் வழக்குப் போட்டன, சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் இந்தத் திட்டத்தை நடத்தக் கூடாது என்று 2010-ல் தடை உத்தரவு வந்தது. 2020 டிசம்பரில்தான் ஆய்வு முடிந்து நகர சபை ஒப்புதல் கொடுத்தது. நீங்கள் பராமரிக்கும் இடம் ஏரிக்கரையோ பறவைகள் கூடு கட்டும் இடமோ என்றால், அங்கே திரும்ப விடுவதை நான் எதிர்ப்பேன், மாநகராட்சி பக்கம் நின்று எதிர்ப்பேன்.

கூண்டுக்காரி:
புள்நோக்கி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நீர்நிலை ஓரம் நாங்களும் திரும்ப விடுவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அதே வழக்கைப் பாருங்கள். தடை இருந்த பத்து வருஷமும் பூனைகள் தெருவில்தான் இருந்தன. கருத்தடைக்கான உதவி நின்றால் பறவைக்கு என்ன லாபம்? சாப்பாடும் மறைவிடமும் இருக்கும் இடத்தில் பத்துப் பூனையைப் பிடித்துக்கொண்டு போனால் கருத்தடை ஆகாத வேறு பூனைகள் வந்து உட்காரும், பிறகு குட்டிகள் பெருகும். பறவைகளை நேசிப்பவர்கள் எங்களோடு சேர்ந்து எந்த இடத்தில் விடக் கூடாது என்று வரைபடம் போட்டுக் கொடுங்கள், நாங்கள் கேட்கிறோம்.

நடைபாதை:
ரோமில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு உபயோகப்படும். இத்தாலியில் 1991-ம் வருஷச் சட்டமே சுதந்திரமாகத் திரியும் பூனைகளுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது, கருத்தடை செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்கிறது. அப்படி இருந்தும் 2012-ல் தோர்ரே அர்ஜென்டினா என்ற பழங்கால இடிபாடுகளில் இருக்கும் பூனைக் காப்பகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தொல்லியல் இடத்தில் அனுமதி இல்லாமல் கட்டடம் என்பதுதான் காரணம், பூனைகள் மேல் எந்தப் புகாரும் இல்லை. மேயரும் பொதுமக்களும் காப்பகத்தின் பக்கம் நின்றார்கள், அது இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் வெடம்ப்கா என்ற சிறிய ஊரில் 2022-ல் தெருப்பூனைகளுக்குச் சாப்பாடு போட்ட இரண்டு பெண்களைக் கைது செய்தார்களே, அங்கேயும் அத்துமீறி நுழைந்தது, ஒழுங்கைக் குலைத்தது போன்ற குற்றச்சாட்டுகள்தான் வந்தன. ஆக உங்களை மடக்குவது பூனைச் சட்டமாக இருக்காது, இடத்துச் சட்டமாக இருக்கும். சாப்பாடு போடும் ஒவ்வொரு இடமும் யாருடையது என்று பாருங்கள், தனியார் இடம் என்றால் சம்மதத்தை எழுதி வாங்குங்கள்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நோட்டுப் புத்தகமாக இல்லை, ஆனால் ரசீதுகளும் போட்டோக்களும் எல்லாம் இருக்கின்றன, இன்றிரவே பூனைவாரியாக அடுக்க உட்காருகிறோம். கெடு இன்னும் முடியவில்லை, நாளை காலையில் வழக்கறிஞரைப் பார்க்கிறோம். இரண்டு இடம் தனியார் மனை, உரிமையாளர்கள் வாயால் சரி என்றவர்கள்தான், எழுதிக் கேட்கிறோம். புள்நோக்கி சார், எங்கள் இடங்களில் ஒன்று குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் பூனைகளை என்ன செய்யலாம் என்று உங்களிடம் தனியாகப் பேசலாமா?

புள்நோக்கி:
தாராளமாக. குளத்தில் எந்தப் பக்கம் நாணல் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள், தரையில் கூடு கட்டும் பறவைகள் இருந்தால் முதலில் அந்தப் பக்கத்துப் பூனைகளைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.