எச்ஓ, ஓஓ ரயில் வீடுகளை 1:72 நார்மண்டி போர் விளையாட்டு மேசைக்கு மாற்றுவது எப்படி?

வேலிப்புதர்:
வணக்கம் நண்பர்களே. மேசைப் போர் விளையாட்டுக்காகக் கேட்கிறேன்: 1944 ஜூன் மாதத்து நார்மண்டி, பிரான்ஸ். கான் நகருக்குத் தென்மேற்கே, வில்லேர்-பொக்காஜ் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை ஆறடிக்கு நாலடி மேசையில் அமைக்க வேண்டும். வீரர்கள் 1:72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக், 25 மிமீ வட்டத் தட்டில் நிற்கிறார்கள், தட்டின் கனம் 2 மிமீ. கையில் இருக்கும் வீடுகள் எல்லாம் மாடல் ரயிலுக்கானவை. ஓஓ (1:76) அளவில் இரண்டு ஆங்கிலேய வீடுகள் (பிளாஸ்டிக், இன்னும் ஒட்டவில்லை), எச்ஓ (1:87) அளவில் மூன்று ஜெர்மன் மரச்சட்ட வீடுகள், ஓஓ அட்டை வீட்டு வரிசை ஒன்று. எச்ஓ வீடுகள் ஆளுக்குச் சிறிதாகத் தெரியுமா? கூரையைக் கழற்றி உள்ளே ஆள் வைக்க முடியுமா? ஒரு வீட்டையாவது குண்டடிபட்ட இடிபாடாக மாற்ற வேண்டும், எங்கிருந்து வெட்டுவது?

அளவுகோல்:
பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள், கதவை அளந்து பாருங்கள். மேசையில் ஆளும் வீடும் பொருந்துகிறதா என்று கண் தீர்மானிப்பது கதவை வைத்துத்தான். இரண்டு மீட்டர் கதவு 1:72-ல் 27.8 மிமீ வரும், ஓஓ-வில் (1:76) 26.3, எச்ஓ-வில் (1:87) 23. உங்கள் வீரன் 1.75 மீட்டர் ஆள் என்றால் 24.3 மிமீ, தட்டோடு சேர்த்து 26.3. அதாவது ஓஓ கதவில் ஹெல்மெட் கதவின் மேல்நிலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இதற்கு வீட்டை மாற்றவே வேண்டாம். கதவுக்கு முன்னால் 2 மிமீ உயரத்தில் ஒரு வாசற்படி ஒட்டி, வீட்டையும் அதே 2 மிமீ தூக்கி வையுங்கள். ஆளின் பாதமும் வீட்டுத் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், தட்டின் கனம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஓஓ வீடுகளுக்கு இது போதும்.

எச்ஓ-வுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. நான்கு சுவருக்கும் அடியில் 5 மிமீ உயரப் பட்டை ஒட்டிப் பேஸ்மட்டம் எழுப்புங்கள். கதவு இருக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பட்டையை விட்டுவிட்டுக் கதவுத் திறப்பைத் தரைவரை இறக்குங்கள். 23-உம் 5-உம் 28, சரியான உயரம். கதவை 1 மிமீ பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து சுமார் 15 மிமீ வரும், 1:72 கணக்கில் 1.1 மீட்டர். துப்பாக்கியோடு நிற்பவனுக்கு அது பொருத்தமான உயரமே. மாடி ஜன்னல்கள் சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் பக்கத்தில் நிற்காததால் உறுத்தாது.

ஒன்று கவனியுங்கள். ரயில் பலகையில் இடம் மிச்சப்படுத்த, பழைய எச்ஓ கிட்டுகள் (நாமே ஒட்டிச் சேர்க்கும் வீட்டுப் பெட்டிகள்) பலவற்றை 1:87-ஐ விடச் சுருக்கியே செய்தார்கள். கதவு 20 மிமீ அருகில் இருந்தால் அது 1:100 வீடு. அதை அந்த அளவுக்கு ஏற்ற 15 மிமீ வீரர்கள் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், இந்த மேசையில் அது எப்படியும் பொம்மை வீடாகத்தான் நிற்கும்.

சுண்ணாம்புச்சுவர்:
அளவு பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் எனக்கு அளவை விட ஊர்தான் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. ஜெர்மன் மரச்சட்ட வீட்டை அப்படியே வைத்தால் அது ஜெர்மனியின் ஹெஸ்ஸன் கிராமம், நார்மண்டி இல்லை. நார்மண்டியிலும் மரச்சட்ட வீடு உண்டு, ஆனால் கானுக்குக் கிழக்கே லிசியே பக்கம்தான் அதிகம். நீங்கள் சொல்லும் பகுதிக்குச் சுண்ணாம்பு பூசிய கல் சுவரும் சாம்பல் நிற ஸ்லேட் ஓடும் வேண்டும். ஆகவே துருத்தி நிற்கும் சட்டங்களைக் கத்தியால் சீவி, மேலே பட்டி பாருங்கள். சுவர்ப் பட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி வரும். கனம் அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் காயும்போது விரிசல் விடும். பட்டி பூசும் முன் பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்க்க மறந்தால் ஒரே ஆட்டத்தில் பெயர்ந்து வந்துவிடும்.

ஆங்கிலேய வீட்டைக் காட்டிக்கொடுப்பது மேலும் கீழும் நகரும் ஜன்னல்தான். நடுவில் இருக்கும் கிடைக்கம்பியைச் சீவிவிட்டு நெடுக்காக ஒரு கம்பி ஒட்டுங்கள், பிரெஞ்சு ஜன்னல் இரட்டைக் கதவாக உள்பக்கம் திறக்கும். இரண்டு பக்கமும் ஜன்னலை மூடும் மரத் தட்டிகள் கட்டாயம். ஒவ்வொன்றும் ஜன்னலில் பாதி அகலம், உயரம் ஜன்னலை விட 1 மிமீ கூடுதல். சில தட்டிகளைச் சாத்தியே ஒட்டுங்கள். சண்டை நடக்கும் ஊரில் எல்லா ஜன்னலும் திறந்திருக்காது. புகைக்கூண்டு பக்கச் சுவரின் உச்சியில் இருக்கட்டும். ஓட்டுக்கு 160 கிராம் தாளில் பட்டை வெட்டி, 3 மிமீக்கு ஒரு கீறல் போட்டு, 2 மிமீ தெரியும்படி கீழிருந்து மேலாக ஒட்டினால் ஸ்லேட் தயார். பொறுமை இல்லையென்றால் இருக்கிற ஓட்டுக்கு நீலம் கலந்த சாம்பல் அடித்தாலும் மூன்றடி தூரத்தில் ஏமாற்றிவிடும்.

பகடை ஆறு:
கூரைக்கும் இடிபாட்டுக்கும் நான் சொல்கிறேன்.

ரயில் கட்டடம் ஒரு இடத்தில் வைத்தால் அங்கேயே இருக்கும். நம் மேசையில் அது கையில் படும், பெட்டிக்குள் போகும். ஆகவே தண்ணீர்க் குழாய், காற்றுத்திசை காட்டி, பூந்தொட்டி எல்லாவற்றையும் முதலிலேயே விட்டுவிடுங்கள். புகைக்கூண்டுக்குள் 1 மிமீ பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள், எல்லாரும் அதைப் பிடித்துத்தான் கூரையைத் தூக்குவார்கள். கூரை இரண்டு பலகையையும் முகட்டில் ஒட்டி, உள்ளே இரண்டு முக்கோணத் தட்டுகள் வைத்து இறுக்குங்கள். அவை பக்கச் சுவர்களுக்கு உள்ளே 1 மிமீ இடைவெளியில் இறங்க வேண்டும். இறுக்கமாகச் செய்தால் பெயிண்ட் அடித்த பிறகு மாட்டிக்கொள்ளும்.

உள்ளே எத்தனை பேர் நிற்பார்கள் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். உள்ளளவு 90-க்கு 70 மிமீ உள்ள வீடு, உள்பக்கம் 3 மிமீ கனப்படுத்தினால் மிச்சம் சுமார் 84-க்கு 64. உங்கள் 25 மிமீ தட்டு ஆறுதான் கொள்ளும், பத்துப் பேர் கொண்ட பிரிட்டிஷ் செக்‌ஷன் (காலாட்படைச் சிறு குழு) ஒரே தளத்தில் அடங்காது. மாடித் தளமும் கழற்றும்படி இருந்தால் மீதி நாலு பேர் மேலே நிற்கலாம்.

இடிபாட்டில் எல்லாரும் தவறுவது சுவர்க் கனத்தில். கிட்டின் சுவர் ஒன்றரை மிமீ இருக்கும். வெட்டியதும் ஓரம் பிஸ்கட் தகடு மாதிரி தெரியும். ஒன்றரைச் செங்கல் சுவர் சுமார் 34 செமீ, 1:72-ல் 5 மிமீக்குக் கொஞ்சம் குறைவு. எனவே இடிக்கப்போகும் வீட்டுக்கு உள்பக்கம் 3 மிமீ ஃபோம் போர்டு ஒட்டி, அதன் பிறகு இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகால்தான். பிளாஸ்டிக் சிமென்ட் ஃபோமைக் கரைத்துவிடும், ஸ்பிரே பிரைமரும் (அடிப்பூச்சு) அப்படியே. வெட்டிய ஓரம் முழுக்கப் பட்டியோ அக்ரிலிக் பெயிண்டோ பூசி மூடிய பிறகே ஸ்பிரேயைத் தொடுங்கள்.

வெட்டுக்கோடு ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குப் போக வேண்டும், சுவருக்குப் பலமில்லாத இடம் அதுதான். மூலைகளும் புகைக்கூண்டுச் சுவரும் நிற்கட்டும். விழுந்த சுவர் எங்கேயாவது கிடக்க வேண்டும் அல்லவா, அதனால் குவியலைத் தாராளமாகப் போடுங்கள்: உடைத்த பிளாஸ்டர், தீக்குச்சி உத்தரங்கள், 3-க்கு 1.5 மிமீ செங்கல் துண்டுகள். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுச் சொட்டவிட்டால் குவியலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு தட்டு நிற்குமளவுக்குச் சமமான இடம் இரண்டு மூன்று விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அழகான இடிபாட்டில் ஆளே நிற்க முடியாது.

எல்லாவற்றையும் 3 மிமீ எம்டிஎஃப் பலகை மேல் ஏற்றுங்கள், சுற்றிலும் 20 மிமீ விளிம்பு, ஓரத்தைச் சரிவாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்தால்தான் வளையாது.

வேலிப்புதர்:
மிக்க நன்றி மூவருக்கும். அட்டை வரிசையை என்ன செய்வது? அது தொட்டாலே நசுங்குகிறது.

சுண்ணாம்புச்சுவர்:
அதை இடிக்க வேண்டாம், மேசை ஓரத்தில் தெருவின் பின்வரிசையாக நிறுத்துங்கள். உள்ளே மூலைக்கு மூலை 10 மிமீ சதுர மரக்கட்டை ஒட்டினால் நசுங்காது. தண்ணீர்ப் பசையை மெல்லிசாகத் தடவுங்கள், அதிகமானால் அட்டை நெளியும். மடிப்பில் தெரியும் வெள்ளை ஓரத்துக்கு அதே நிறக் கலர் பென்சில் போதும். கடைசியில் மட் (பளபளப்பில்லாத) வார்னிஷை மழை நாளில் ஸ்பிரே செய்யாதீர்கள், காற்றின் ஈரத்தில் வெள்ளை படர்ந்துவிடும். தூரிகையால் அடிக்கும் அக்ரிலிக் மட் என்றால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் அட்டையில் ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள், அச்சு மை கரைகிறதா என்று.