வாடகை ரிக்‌ஷா எடுக்கும்போது என்ன பார்க்கணும்? மேம்பாலம் ஏறுமா?

புதுப்பெடல்:
பெரிய நகரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டப் போகிறேன். நாள் வாடகை வண்டி. கியர் கிடையாது, செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 22, சக்கரம் 28 அங்குலம். வண்டியைக் கையில் வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்கணும்? இரண்டு பேரை வைத்து மேம்பாலம் ஏறலாமா? முட்டி போய்விடும் என்கிறார்களே, நிஜமா?

கோட்டர்பின்:
முதலில் பிரேக். நிறைய வண்டியில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். பாரம் பெரும்பாலும் பின்னால் இருப்பதால் அழுத்திப் பிடித்தால் முன் டயர் சறுக்குமே தவிர வண்டி நிற்காது. பின் ஆக்ஸிலில் டிரம் பிரேக் (உருளைக்குள் கட்டை அழுத்துவது) அல்லது பேண்ட் பிரேக் (உருளையைச் சுற்றிப் பட்டை இறுகுவது) உள்ள வண்டியாகக் கேளுங்க.

அடுத்து செயின். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (சின்ன ஆணியின்) நடுவில் ஸ்கேலை வைத்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரணும். 1/16 அங்குலம் தள்ளினால் செயின் மாற்றணும். 1/8 தள்ளினால் பல்லும் தேய்ந்திருக்கும், புது செயின் போட்டாலும் பாரத்தில் பல்லைத் தாண்டி நழுவும். எழுந்து மிதிக்கும்போது தாண்டினால் கால் நழுவி நேரே வண்டியின் பாரில் (சட்டக் கம்பியில்) விழுவீங்க.

பெடல் சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்றால் கோட்டர் பின், அதாவது கிராங்க்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) அச்சோடு பிணைக்கும் ஆப்பு, தளர்ந்திருக்கு. அதோடு ஓட்டினால் கிராங்க் ஓட்டையே அகன்றுவிடும். பின்னைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கிவிட்டுத்தான் நட்டை முறுக்கணும், நட்டை வைத்து பின்னை இழுக்கக் கூடாது.

பின் சக்கர ஸ்போக்குகளை விரலால் தட்டிப் பாருங்க, மந்தமாக ஒலிப்பது லூஸ். இரண்டு சக்கர சைக்கிள் வளைவில் சாயும். ரிக்‌ஷா சாயாது, பக்கவாட்டு விசை முழுக்க ஸ்போக்கில்தான் விழும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பதும் சீக்கிரம் போகும்.

ஏற்றக்கணக்கு:
மேம்பாலத்துக்குக் கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். வண்டி 80 கிலோ, நீங்கள் 60, இருவர் 140. மொத்தம் 280. சமதளத்தில் மணிக்கு 10 கி.மீ. போக, டயரில் காற்று சரியாக இருந்தால், சுமார் 80 வாட் போதும். 5 சதவீத ஏற்றத்தில் வெறும் 5 கி.மீ. வேகத்துக்கே 230 வாட் அளவு வேண்டும். நாள் முழுக்க மிதிப்பவருக்கு 100 வாட்டைத் தாண்டித் தொடர்ந்து கொடுப்பது கடினம். ஆகவே இறங்கித் தள்ளுவது, அல்லது ஒருவரை இறங்கச் சொல்வது. பல நகரங்களில் மேம்பாலத்தில் மெதுவான வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதுப்பெடல்:
முன்னால் 36 பல் போட்டால் உதவுமா?

ஏற்றக்கணக்கு:
தாராளமாக. மிதி சுமார் 18 சதவீதம் இலகுவாகும். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 16 கி.மீ. போன வண்டி 13 போகும். நகர நெரிசலில் அந்த 3 கி.மீ. இழப்பே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதுதான் முட்டியைத் தின்கிறது. செயினில் 4 கண்ணி குறைக்க வேண்டிவரும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூணுசக்கரம்:
முட்டிக்கு முதல் வைத்தியம் சீட் உயரம்தான். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரி. முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்னால் வலித்தால் உயரம். வாடகை வண்டியை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறி ஓட்டுவதால் தினமும் பார்க்கணும். சீட் கம்பியில் உங்க அளவுக்கு ஒரு கோடு கீறி வச்சுக்கலாம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள் முன் பிரேக் பிடிக்காதீங்க. வேகம் இரட்டித்தால் கவிழ்க்கும் விசை நாலு மடங்கு. ஒரே ஆள் என்றால் சீட்டின் நடுவில் உட்காரச் சொல்லுங்க. மூட்டை முடிச்சு கால் வைக்கும் பலகையில், தாழ்வாக இருக்கட்டும். சீட்டுக்குப் பின்னால் கட்டினால் நீங்க இறங்கியதும் முன் சக்கரம் தூக்கிக்கும். கனமான சாமானை எப்பவும் ஆள் இறங்கும் முன்பே இறக்கிடுங்க.